சஷ்டி வாரத்து மான்

வில்லை நாணோடு விட்டுவைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்ற வேண்டும். வில்லை மூன்று துண்டாகப் பிரித்து உறையில் போட வேண்டும். அம்புகளைத் துடைத்து, எண்ணி, குழாய்க்குள் வைக்க வேண்டும். இந்த ஒழுங்கை நான் ஒருநாளும் மாற்றியதில்லை. ஆகவே அந்த ஐப்பசிக் காலையில் வேலைக்குப் போக மாடியிலிருந்து இறங்கியபோது, படிக்கட்டின் அடியில் என் வில் நாணோடு சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டதும், வீட்டுக்குள் கள்ளர் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

கடைசிப் படியில் அண்ணா இருந்தார். பெற்றோல் நிலையச் சீருடைக்கு மேல் கம்பளிச் சட்டை. சப்பாத்து முழுக்கச் சேறு. இரவு ஷிப்ட் முடிந்தால் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு நேரே படுக்கப் போகிறவர். பக்கத்தில் அம்புக் குழாய் கிடந்தது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தன.

“மற்றது எங்கை அண்ணை?”

அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு திரும்பவும் கட்டினார்.

“மானில.”

“எந்த மானில?”

“மெல்லக் கதை. அம்மாவுக்குக் கேக்கும்.”

குசினியில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். அது கந்தசஷ்டி வாரம். அம்மா காலையில் ஒரு கிளாஸ் பாலும் பின்னேரம் கொஞ்சம் பழமுமாக விரதம் இருந்தார். இறைச்சிச் சட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து, தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய்விட்டன. விரதம் அண்ணாவின் கேஸுக்காக.

கேஸ் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான். அண்ணா எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்து அகதி என்று பதிந்தவர். பதில் வரவில்லை. அண்ணியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். இவருக்குப் பதில் வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். வந்த புதிதில் எல்லாரும் ஒரு வருசம் என்றார்கள். மகள் நடக்கத் தொடங்கிய வயதில் விட்டுவிட்டு வந்தவர். அவள் இப்போது தொலைபேசியில் வாய்ப்பாடு சொன்னாள். புதுக் கட்டில் வாங்குவதா, கேஸ் முடியட்டும். சுவருக்குப் பூச்சு அடிப்பதா, கேஸ் முடியட்டும். நான் கலியாணம் செய்வதைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலும் அதே பதில்தான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது.

என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. தொழிற்சாலைகளிலிருந்து வரும் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பரிசோதித்து, பிழையை எழுதி, ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்புவோம். வேலையிடத்தில் மூன்று விளையாட்டுக் கழகங்கள் இருந்தன. உதைபந்தாட்டம் ஆண்களுக்கு. டார்ட்ஸ் பப்பில் நடந்தது. மிஞ்சியது வில்வித்தை. அதில் ஓட வேண்டாம், ஒருவரும் மேலே முட்ட மாட்டார்கள், செய்ய வேண்டியவை எப்போதும் ஒரே வரிசையில் வரும். கால், பிடி, தோள், இழுவை, நாடியில் நாண், மூச்சு, விடுகை. ஒரு கிழமையின் களைப்பை அந்த ஏழுக்குள் வைத்துவிடலாம். கழகத்து விதிப்படி ஒவ்வொரு அம்பிலும் உரியவரின் முதலெழுத்து இருக்க வேண்டும். என் அம்புகளில் வெள்ளைப் பூச்சால், மெல்லிய தூரிகை கொண்டு, நானே எழுதியிருந்தேன்.

இலையுதிர் காலத்தில் கழகம் ஒரு குடும்ப நாள் வைக்கும். அன்று வட்ட இலக்குகளுக்குப் பதிலாக, மானின் படம் அச்சிட்ட பெரிய காகிதங்களை வைக்கோல் பலகையில் குத்தி வைப்பார்கள். இந்த நாட்டில் உயிருள்ள மானை வில்லால் சுடுவது எந்தப் பருவத்திலும் குற்றம் என்பதால், ஆசை உள்ளவர்களுக்குக் காகித மான்தான். அந்த வருசம் அண்ணாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பகலில் நித்திரை, இரவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குவது என்று போய்க்கொண்டிருந்த ஒருவர் கொஞ்சம் வெயிலில் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

என் வில்லால் அவர் விட்ட முதல் அம்பு காகித மானின் நெஞ்சில் சரியாக ஏறியது. அது தற்செயல். அடுத்த இரண்டும் பற்றைக்குள் போயின. ஆனாலும் முதல் அம்புக்கு எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பிஸ்கட் டின் கொடுத்தார்கள். அவர் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த விதத்தை நான் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான் என்று அப்போது எனக்குப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் மீன்கடைக்காரருக்கு அவரே கதையைச் சொன்னார். மீன்கடைக்காரரும் அவரும் ஊரில் ஒரே பள்ளிக்கூடம்.

“மானோ? எங்கை, உரிச்சனீங்களோ?”

“காகிதமடா.”

“அப்ப காகிதத்தை அவிச்சு அம்மாவுக்குக் குடுத்தனியாக்கும். டேய், உன்ர தங்கச்சி காகிதத்தைச் சுடுறாள், நீ பெற்றோல் அடிக்கிறாய், நான் செத்த மீனை வெட்டுறன். நல்ல வேட்டைக்காரர் நாங்கள்.”

“உங்கை காட்டில எவ்வளவு நிக்குது தெரியுமே? விடியக்காலமை கார் லைற்றில கண்ணெல்லாம் மினுங்கும்.”

“நிக்கும். நிண்டால்? நீ கொண்டு வா, நான் வெட்டித் தாறன். விரதம் முடியிற அண்டைக்கு மான் இறைச்சி திண்டால் கேஸ் தன்ர பாட்டில முடியும்.”

நான் மீன்பையை வாங்கிக்கொண்டு சிரித்தேன். அண்ணா சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு ஒரு பொருள் கொடுக்கவில்லை.

இதெல்லாம் இரண்டு கிழமைக்கு முந்திய கதை. இப்போது அவர் படியில் இருந்து மெல்லிய குரலில் சொன்னார். ஷிப்டுக்குப் போகும்போதே வில்லைக் காரில் போட்டிருக்கிறார். வேலை முடிந்து, விடியும் நேரம், சிங்ஃபோர்ட் பக்கம் காட்டோரத்தில் காரை விட்டிருக்கிறார். இது மான்கள் இணை தேடும் காலம். ஆண் மான்கள் தொண்டைக்குள் உறுமிக்கொண்டு திரியும். ஆளைக் கண்டாலும் சட்டென்று ஓடாது.

“பட்டது நிச்சயமோ?”

“சத்தம் கேட்டது. பிறகு அம்போடை ஓடினது.”

“எவ்வளவு தூரத்தில நிண்டது?”

“அதெல்லாம் ஆர் அளந்தது?”

என் அம்பு முனை காகிதத்துக்கும் வைக்கோலுக்கும் செய்தது. வேட்டை முனைபோல அதில் வெட்டும் அலகு கிடையாது. என் வில்லின் இழுவையும் பாரமில்லை. அந்த வேகத்தில் அந்த முனை ஒரு மானைக் கொல்லாது. உள்ளே போகும், நிற்கும். அதை நான் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. வேலைக்குத் தொலைபேசி எடுத்து வயிற்றுக்குத்து என்று சொன்னேன். வில்லையும் அம்புக் குழாயையும் அம்மாவின் கண்ணில் படாமல் காருக்குள் வைத்துவிட்டு, அவரிடம் அண்ணாவின் காரைக் கராஜுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொன்னேன்.

“ரெண்டு பேரும் ஏன்?” என்று அம்மா கேட்டார்.

“திரும்பி வர ஆள் வேணுமெல்லோ.”

காடு நனைந்திருந்தது. இலையெல்லாம் செம்பு நிறத்தில் காலுக்குக் கீழே தடித்துக் கிடந்தது. அண்ணாவை அவர் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னேன். கையை நீட்டி அம்பு போன திசையைக் காட்டச் சொன்னேன். காட்டினார். அந்தக் கோட்டில் நான் நடந்தேன். மான் நின்ற இடத்தில் இலைகள் மிதிபட்டுக் கலைந்திருந்தன. சின்னக் கற்றையாகப் பழுப்பு மயிர் கிடந்தது. அதற்குப் பிறகு ஓர் இலையில் ஒரு துளி. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஒவ்வொரு துளியிலும் அண்ணாவை நிறுத்திவிட்டு அடுத்ததைத் தேடினேன். துளி கிடைக்காத இடத்தில் பின்னுக்கு வந்து அவரிடமிருந்து வட்டமாகச் சுற்றினேன். வேலையில் பிழை தேடுவதும் இப்படித்தான். கடைசியாகச் சரியாக இருந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். முதுகு வலிதான் வந்தது.

முள்ளிலைப் பற்றை ஒன்றுக்குள் அது படுத்திருந்தது. இளம் ஆண் மான். விலாவுக்குப் பின்னால், வயிற்றில், என் அம்பு. மஞ்சள் இறகு மூச்சோடு ஏறி இறங்கியது. வெள்ளை எழுத்து நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மான் எங்களைப் பார்த்தது, தலையைத் தூக்கியது, எழும்பவில்லை.

அண்ணா என் கையைப் பிடித்தார்.

“அம்பை மட்டும் இழுத்தெடுத்திட்டுப் போவம்.”

“கிட்டப் போனால் எழும்பி ஓடும். ஓடிப் போய் வேற எங்கையும் விழுந்து நாளைக்கோ நாளையிண்டைக்கோதான் சாகும்.”

“அப்ப விட்டிட்டுப் போவம்.”

“அம்போடையோ?”

எனக்குத் தெரிந்த வழிகள் அந்த இரண்டும், மூன்றாவது ஒன்றும்.

“காட்டுக் காவலாக்களுக்குச் சொல்லோணும். அவையிட்டைத் துவக்கு இருக்கும்.”

“சொன்னால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் கேஸ் போச்சு. என்ர பிள்ளை அந்த லொட்ஜுக்குள்ளையே பெரிசாகும்.” குரல் உயரவில்லை. அவர் கணக்கு வாசிப்பதுபோலச் சொன்னார்.

“அம்பில என்ர எழுத்துத்தானே இருக்கு. எனக்கு விசா இருக்கு. நான் சுட்டனான் எண்டு சொல்லுறன்.”

அவர் மானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து வெளிக்கிட்டதிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

“நீ சுட்டிருந்தால் உப்பிடி வயித்தில படாது. ஒருத்தரும் நம்பமாட்டாங்கள்.”

“அண்ணை…”

“காணும். நீ பஸ் எடுத்து வீட்டை போ. நான் ரெலிபோன் அடிக்கிறன்.”

கார் நிறுத்துமிடத்துப் பக்கம் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. அவர் அந்தப் பக்கம் நடந்தார். ஓடவில்லை. நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. மானைத் தனியே விட்டால் அது எழும்பி நடந்துவிடக்கூடும். பிறகு யார் வந்தும் பயனில்லை. ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மரத்தோடு சாய்ந்து, அது என்னைப் பார்க்காத கோணத்தில் நின்றேன்.

காத்திருப்பு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பழகிய வேலை. ஆனால் அன்று நின்றதுபோல நான் எங்கும் நின்றதில்லை. மழை மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் இன்னொரு மான் உறுமியது. இது காதைத் திருப்பிக் கேட்டது. அவ்வளவுதான். வலியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இதைவிடக் கத்தினால் நல்லது என்று நினைத்தேன். அண்ணாவைப் பற்றியும் இந்த வருசங்களில் பலமுறை அப்படி நினைத்திருக்கிறேன்.

பச்சைச் சீருடைக்காரர் ஒருவர் நீளத் துவக்கோடு அண்ணாவுக்கு முன்னால் வந்தார். எங்களைப் பின்னுக்குப் போகச் சொன்னார். ஒரு வெடி. பிறகு பற்றைக்குள் போய், அம்பைக் கையில் பிடித்தபடி வந்தார். முகத்தில் கோபத்தைவிட அருவருப்புத்தான் இருந்தது.

“யாருடைய வேலை இது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என்னுடையது, சேர். நான் மட்டும்,” என்றார் அண்ணா.

“இந்த எழுத்து?”

“தங்கச்சியின் அம்பு. கேட்காமல் எடுத்தேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் என்னை இங்கே கொண்டுவந்தது அவள்தான்.”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகு பொலிஸ் வந்தது, வில் போனது, ஐந்து அம்புகளும் போயின, அண்ணாவும் காரின் பின் இருக்கையில் போனார்.

அன்று பின்னேரம் அவரை விட்டார்கள். அவர் வருவதற்கு முன் அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. அவர் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“வள்ளியைப் பெத்தது என்ன?”

“அம்மா…”

“சொல்லு. பள்ளிக்கூடத்தில படிச்சனியெல்லோ.”

“மான்.”

“சஷ்டி விரதத்துக்கை வள்ளியின்ர மனுசனிட்ட உனக்கு விசா கேட்டுக்கொண்டிருக்கிறன். நீ அவரின்ர மாமியாரைச் சுட்டுப்போட்டு வந்து நிக்கிறாய்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். குழம்பு வாசம் வந்த பிறகு உள்ளே போனபோது அண்ணா கதிரையில் இருந்தார். அம்மா அவருக்கு முன்னால் ஒரு கோப்பை சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். தான் அன்று பழமும் தொடவில்லை.

“இனி விரதத்தை விடப்போறியளோ அம்மா?” என்று கேட்டேன்.

“விடுறதோ? இப்பதான் கூடத் தேவை.”

நோர்பரியில் இருந்த எங்கள் சட்டத்தரணி, அவரும் யாழ்ப்பாணம்தான், கடதாசிகளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கள்ளப் பாஸ்போட் பாத்திருக்கிறன். வெறியில அடிபட்டவையைப் பாத்திருக்கிறன். மான் இதுதான் முதல்.” பிறகு சொன்னார்: “மறைக்கக் கூடாது. குடிவரவுக்கு நாங்களே எழுதிக் குடுப்பம்.” நீதிமன்றத்தில் தண்டம் போட்டார்கள். வில்லைப் பறிமுதல் செய்தார்கள். கழகம் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, நானாகவே போகாமல் நின்றுவிட்டேன். வேறு வில் வாங்கியிருக்கலாம். அம்பில் எழுத்து எழுத வேண்டும் என்று நினைத்ததும் கை போகவில்லை.

அதன் பிறகு காத்திருப்பு வேறு மாதிரி ஆனது. முந்தி எந்தத் தபால் வந்தாலும் அது கேஸாக இருக்குமோ என்று ஆசையோடு பார்த்தோம். இப்போது அதே தபாலைப் பயத்தோடு பார்த்தோம். மீன்கடைக்காரர் எங்களைக் கண்டால் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். ஒருமுறை என்னிடம் மட்டும், “நான் சும்மா கதைச்சது பிள்ளை,” என்றார். “தெரியும் அண்ணை,” என்றேன். அண்ணா தொலைபேசியில் அண்ணியோடு வழக்கம்போலக் கதைத்தார். குளிர், வேலை, மகளின் சோதனைப் புள்ளிகள். மான் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததை மனைவிக்குச் சொல்லத்தான் அவருக்கு ஏலவில்லை. “அவள் இனி எதை நம்பி இருக்கிறது?” என்று ஒருநாள் சொன்னார்.

இன்னும் இரண்டு ஐப்பசி போனது. அம்மா இரண்டு சஷ்டியும் பிடித்தார். பிறகு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அண்ணாவை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மானைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர் அதை மூன்று முறை வாசித்துவிட்டு, எங்கேயாவது மான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

அண்ணியும் மகளும் வந்த அன்று, ஹீத்ரோவிலிருந்து நான்தான் கார் ஓட்டினேன். அண்ணா சாவியை என்னிடம் தந்துவிட்டார். அவர் முன் இருக்கையில் இருந்தார். பின்னால் அம்மா, அவர் மடியில் தலை வைத்து நித்திரையாகிப் போன மகள், அண்ணி. நோர்த் சேர்க்குலர் வீதியில் வாகனங்கள் நகரவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு லொறி. விமான நிலையத்தில் அழ வேண்டியதெல்லாம் அழுது முடிந்திருந்தது.

“விசா தரேக்கை ஒண்டு கேட்டவங்கள்,” என்றார் அண்ணி.

“என்ன?” என்றார் அண்ணா.

“உங்கட மனுசன் அங்கை ஒரு குற்றம் செய்தவர், உமக்குத் தெரியுமோ எண்டு.”

கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீ என்ன சொன்னனீ?” என்று அண்ணா கேட்டார்.

“தெரியும் எண்டு சொன்னனான். வேற என்ன சொல்லுறது? தெரியாதெண்டு சொன்னால் என்ன குடும்பம் எண்டு நினைப்பான். வெளியில வந்துதான் அவங்கள் தந்த கடதாசியை ஒருத்தரிட்டைக் குடுத்து வாசிப்பிச்சனான்.” கொஞ்சம் நிறுத்தினார். “மானோ?”

“ஓம்.”

“சாப்பிட்டனீங்களோ?”

“இல்லை.”

“பிறகென்னத்துக்கு?”

அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பினார். இந்தக் கேள்வியை அவரிடம் பொலிஸ் கேட்டது, சட்டத்தரணி கேட்டார், நீதிமன்றத்தில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொல்லியிருந்தார். நான் ஒருநாளும் கேட்கவில்லை.

“களைச்சுப்போனன்,” என்றார்.

“நானும்தான் களைச்சனான். நான் ஒண்டையும் சுடேல்லையே.”

அண்ணி பின்னாலிருந்து கையை நீட்டி, ஒருபக்கம் மடங்கியும் ஒருபக்கம் நிமிர்ந்தும் இருந்த அவருடைய சட்டைக் கழுத்தைச் சரியாக மடித்துவிட்டார். கையை உடனே எடுக்கவில்லை. முன்னால் லொறி நகர்ந்தது. நான் கியரைப் போட்டேன்.